ஓசைக்கும் ஓர் அளவுகோல்

நுழையும்முன்

அளவோடு அமைந்த ஓசை இசையாகிறது. அளவு கடந்த ஓசை இரைச்சலாகிறது. இரைச்சலுக்குச் சட்டம் வரம்பு வகுத்துள்ளது. அவ்வரம்பைக் காக்க வேண்டியவர் யார், எப்போது காக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஓசையை எண்ணிய மண்

புதுக்கோட்டை மாவட்டத்தின் குடுமியான்மலையில் குடைவரைக் கோவிலை ஒட்டிய பாறையில் இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டினது என ஆய்வாளர் கருதும் அக்கல்வெட்டில் சுரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டுள்ளன. கஞ்சிராவுக்கு இசையரங்கில் இடம் பெற்றுத் தந்த மான்பூண்டியா பிள்ளையும் புதுக்கோட்டையைச் சேர்ந்தவரே. ஓசையை எண்ணியும் வகுத்தும் போற்றிய இம்மண்ணிலும், தெருமுனை ஒலிபெருக்கி நள்ளிரவில் முழங்கும்போது நோயாளியின் உறக்கம் கலைகிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவரின் கவனம் சிதறுகிறது.

அளவும் வரம்பும்

ஒலியின் அளவு டெசிபல். இது கூட்டல் கணக்கில் வளர்வதன்று. 55 டெசிபல் ஒலி எழுப்பும் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 110 ஆவதில்லை, 58 ஆகிறது. 10 டெசிபல் கூடினாலோ ஒலியாற்றல் பத்து மடங்காகிறது. ஆதலால், மீட்டரில் சிறிதாகத் தோன்றும் ஏற்றம் செவிக்குச் சிறிதன்று.

இந்தியாவில் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பாகும். வணிகப் பகுதிக்கு இவை 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. அமைதிப் பகுதிக்கு 50, 40. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல் எனவும், எஞ்சிய நேரம் இரவு எனவும் கொள்ளப்படும். வகுப்பறையில் பின்னணி ஒலி 35 டெசிபலைக் கடத்தலாகாது என உலக நலவாழ்வு நிறுவனம் 1999இல் பரிந்துரைத்தது.

அளக்காத சட்டம்

வரம்பு தெளிவானது, அதனைக் காக்கும் வழியே தளர்ந்துள்ளது. தேசிய ஒலிக் கண்காணிப்பு வலையமைப்பு 2011இல் தொடங்கப்பட்டபோது, சென்னை உள்ளிட்ட ஏழு பெருநகரங்களையே தேர்ந்துகொண்டது. பிற ஊர்களில் சட்டம் பெரிதும் புகாரையே எதிர்நோக்கியுள்ளது. இரவுக் கட்டுப்பாடு மீறப்பட்டாலோ, வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ ஒலி மிகுந்தாலோ புகார் அளிக்கலாம் என்கிறது விதி. மீட்டர் இல்லாத குடிமகன் அந்தப் பத்தை எவ்வாறு அறிவான்? அறிந்தாலும், நாள்தோறும் முகம் பார்க்கும் அண்டை வீட்டார்மீது புகார் கூற எத்தனை பேர் துணிவர்? அலுவலர் வந்து சேர்வதற்குள் ஒலிபெருக்கி ஓய்ந்துவிடவும் கூடும்.

அளத்தல் நியாயத்திற்கும் துணை நிற்கும். சென்னையில் வழிபாட்டிடம் ஒன்றின் ஒலிக்கு எதிராகக் குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கில், அளந்து பார்த்தபோது வாகன இரைச்சலும் காரணம் எனத் தெரிந்தது. அவ்வழக்கில் 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை எனத் தெளிவுபடுத்தியது.

முன்னரே அளப்போம்

விழா ஊரின் உயிர். ஒலிபெருக்கி வாடகை பலரின் பிழைப்பு. சட்டம் இவற்றைத் தடுக்கவில்லை. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு வழங்கவும் இடமுண்டு. ஆகவே, வேண்டுவது தடையன்று, முன்கூட்டிய அளவீடு. ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கும்போதே ஒலியளவை அளந்து நிறுத்த வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒலியளவி இருத்தல் வேண்டும். மருத்துவமனை, பள்ளி அருகே அளவுகளைப் பலகையில் காட்ட வேண்டும். அப்போது அயலாரோடு வழக்காடும் சுமை குடிமகனுக்குக் குறையும்.

அண்டை மாவட்டமான சிவகங்கையில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சுமென்று தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. அங்கு மீட்டரும் இல்லை, புகாரும் இல்லை. அயல் உயிரின் அமைதியைத் தம் பொறுப்பாகக் கொண்ட மனமே உள்ளது. அம்மனம் எங்கும் வேரூன்றும் வரையில், அளவுகோலை அரசு கையில் ஏந்தியே ஆக வேண்டும்.