கோபுரத்தை நட்டவரே கணக்குக் காட்டட்டும்

2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு போட்டபோது, கோவையிலும் ஈரோட்டிலும் மக்கள் கவலையெல்லாம் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதில்தான் இருந்தது. அதன் சிக்னலைச் சுமந்து நின்ற கோபுரங்களின் கதி பற்றி அதிகம் பேசப்படவில்லை. நான்காண்டு கழித்து, 2022 ஜூனில், தமிழகம் முழுக்கத் தங்களின் 600-க்கும் மேற்பட்ட கோபுரங்களைக் காணவில்லை என்ற புகாரோடு, ஏர்செல்லுக்குக் கோபுரங்களை வாடகைக்கு விட்டிருந்த ஜிடிஎல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் நிறுவனம் காவல் துறையிடம் போனது. ஈரோட்டில் ஒரு கோபுரத்தைப் பார்வையிடப் போன ஊழியர்கள், அது நின்ற இடம் காலியாகக் கிடந்ததைக் கண்ட பிறகே விஷயம் வெளிவந்ததாக அன்றைய செய்திகள் கூறின. திருட்டு வழக்காகப் பேசி நாம் அதை மறந்துவிட்டோம். ஆனால் ஒரு கோபுரத்தடியில் இரும்பு மட்டுமா இருக்கிறது? செம்புக் கேபிள், டீசல் ஜெனரேட்டர், ஈயமும் அமிலமும் நிறைந்த பேட்டரி வரிசை எல்லாம் இருக்கின்றன. கேபிளின் தோலை எங்கே எரித்தார்கள், அமிலத்தை எந்த ஓடையில் கொட்டினார்கள் என்பதற்குப் பொதுமக்கள் பார்க்கும்படி எந்தக் கணக்கும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், கோபுரத்தில் பொருத்தப்படும் அலைபரப்புக் கருவிகளையும் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. கோபுரத்தின் கட்டமைப்பை மட்டும் விலக்கியிருக்கின்றன. பேட்டரிகளுக்கு 2022-ல் தனி விதிகள் வந்தன. இரண்டிலும் மறுசுழற்சி இலக்கைச் சுமப்பவர், பொருளைத் தயாரித்தோ இறக்குமதி செய்தோ சந்தைக்குக் கொண்டுவருபவர். வாங்கிப் பயன்படுத்தும் தொலைத்தொடர்பு நிறுவனம் வெறும் பயனீட்டாளர். கழிவைப் பதிவு பெற்றவரிடம் ஒப்படைத்தால் அதன் கடமை முடிந்தது. மேலும், இலக்கு நாடு முழுமைக்குமானது. எங்கோ ஒரு மாநிலத்தில் மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழை வாங்கி இலக்கை எட்டிவிடலாம். பெருந்துறையில் இறக்கிய பேட்டரி எங்கே போனது என்று அந்தச் சான்றிதழ் சொல்லாது.

இந்த இடைவெளியின் விலையைக் கொங்கு நாடு நன்றாகவே அறியும். திருப்பூர்ச் சாயநீர் நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியபோது, பாசனத்துக்குக் கட்டிய அணையே விவசாயிகளுக்குப் பகையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, ஒரு சொட்டும் வெளியேற்றாத சுத்திகரிப்பு அங்கே வேரூன்றியது. கடன் வாங்கித் தொழில் செய்த சிறு பட்டறைக்காரரிடமே தன் கழிவுக்குத் தானே பொறுப்பு என்று சொன்னோம். பல ஆயிரம் கோடி வருவாய் ஈட்டும் நிறுவனங்களிடம் மட்டும் அதைச் சொல்லத் தயங்குவது என்ன நியாயம்?

நிறுவனங்கள் ஏற்கெனவே கடனில் தவிக்கின்றன, புதிய சுமை கடைசியில் ரீசார்ஜ் கட்டணத்தில்தான் வந்து விழும் என்பார்கள். கடனில் தவிக்கும் நிறுவனம்தான் நாளை கோபுரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகும். ஆகவே நிறுவும்போதே வைப்புத்தொகை வாங்க வேண்டும். மூடும் செலவுக்குச் சுரங்க உரிமையாளரிடம் முன்கூட்டியே நிதி உத்தரவாதம் பெறும் முறை நம் நாட்டில் இருக்கத்தானே செய்கிறது? முறையாக அகற்றியதும் தொகை திரும்பிவிடும் என்பதால், ஒழுங்காக நடப்பவருக்கு இதில் பெரிய இழப்பு இல்லை. காயலாங்கடைக்காரர்கள் எதையும் வீணாக்குவதில்லை, அவர்கள் பிழைப்பில் மண் போடலாமா என்று இன்னொரு கேள்வி வரும். செம்பையும் ஈயத்தையும் மீட்பதில் அவர்களின் திறமையை மறுக்க முடியாது. ஆனால் விலை போகாத அமிலத்தையும் புகையையும் சுமப்பது அக்கம்பக்கத்தாரும் அந்தத் தொழிலாளியின் நுரையீரலும்தான். மேலே சொன்ன இரு விதிகளிலும் அவர்களுக்கென்று பதிவு வகையே இல்லை. சேகரிப்பவர்களாக அவர்களைப் பதிவு செய்து, மறுசுழற்சி ஆலைகளோடு இணைத்தால் பிழைப்பும் நிலைக்கும், மண்ணும் தப்பும்.

2019-ல் ஏர்டெல் 3ஜி சேவையை மூடத் தொடங்கியது. 2022 அக்டோபரில் 5ஜி வந்தது. ஒவ்வொரு தலைமுறை மாற்றத்திலும் ஒரு தொகுதிக் கருவிகள் கீழே இறங்குகின்றன. ஆகவே எத்தனை கருவிகள், எத்தனை பேட்டரிகள் இறக்கப்பட்டன, யாரிடம் போயின என்ற மாவட்டவாரிக் கணக்கை ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனமும் கோபுர நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நிறுவனம் திவாலானால், கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு பிரிப்பதற்கு முன் கழிவை அகற்றும் செலவை எடுத்து வைக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தக் கணக்கைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்தே கேட்டு வாங்கத் தொடங்கட்டும்.