நாற்காலியில் சொல்வதும் வீட்டில் சொல்லாததும்



சென்ற இதழில் கோடை விடுமுறைக் கூட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர், “ஊருக்குப் போகிறவர்களைப் பற்றி எழுதினாய், சரி, போனவர்களில் திரும்பி வராதவர்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையே” என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் எதனைக் குறிப்பிட்டார் என்பது எனக்கு உடனே விளங்கிற்று. இம்முறை அதனையே எழுத எண்ணுகிறேன். ஆனால் அதற்கு முன் வாசகர்களை ஒரு முடிதிருத்தும் நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

தாராவியை அடுத்த ஒரு சந்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஒருவர் முப்பது ஆண்டுகளாகச் சலூன் நடத்தி வருகிறார். எங்களுக்கெல்லாம் அவர் ‘அண்ணாச்சி’. இரண்டு நாற்காலிகள், இரண்டு பெரிய கண்ணாடிகள், காத்திருப்போருக்கு ஒரு பெஞ்சு, ஒரு தமிழ் நாளிதழ், இவ்வளவே கடை. அடுத்த அறையில் அவருடைய மனைவியார் பெண்களுக்கென்று ஓர் அழகு நிலையம் வைத்திருக்கிறார். இரண்டுக்கும் இடையே உள்ளது ஒரு பலகைத் தடுப்பும் ஒரு திரையுமே.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெஞ்சில் அரைமணி நேரம் காத்திருப்பது என் வழக்கம். அங்கே அரசியல் பேச்சும் கிரிக்கெட் பேச்சும் சிறிது நேரந்தான். கத்திரிச் சத்தம் ஒரு சீராக வரத் தொடங்கியதும், நாற்காலியில் அமர்ந்திருப்பவர் தம் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். இவ்வளவு அந்தரங்கத்தை ஒரு மனிதர் எப்படிப் பிறரிடம் சொல்கிறார் என்று முதலில் வியந்தேன். பிறகு காரணம் புரிந்தது. அங்கே யாரும் யார் முகத்தையும் நேரே பார்ப்பதில்லை. கண்ணாடியைப் பார்த்தே பேசுகிறார்கள். அன்றியும், அண்ணாச்சி உறவினர் அல்லர். உறவினரிடம் ஒன்றைச் சொன்னால் அன்றிரவே அது தொலைபேசி வழியாக ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அண்ணாச்சியிடம் சொன்னது அந்தச் சந்தைத் தாண்டாது. “கத்திரிக்குத்தான் தம்பி வாய் உண்டு, எனக்குக் கிடையாது” என்பார் அவர். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்வதில்லை என்பது அவரும் அவர் மனைவியாரும் தமக்குள் வைத்துக்கொண்ட விதி. கணவன் மனைவியாகிய அவ்விருவருங்கூட வாடிக்கையாளர் பேச்சைத் தம்முள் பகிர்ந்துகொள்வதில்லையாம்.

இத்தொழிலுக்கும் திருமணத்துக்கும் உள்ள தொடர்பு பழமையானது. வடநாட்டுக் கிராமங்களில் முடிதிருத்துபவரே முற்காலத்தில் இரு வீட்டாருக்கும் இடையே சம்பந்தம் பேசும் தூதராக இருந்தார். அவர் மனைவி மணப்பெண்ணுக்குத் துணையாகப் புகுந்த வீடுவரை செல்வதும் வழக்கம். நம் நாட்டிலும் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வது ஒரு சடங்காகவே இருந்தது. அக்குடும்பத்துப் பெண்களே மருத்துவச்சிகளாகப் பிள்ளைப்பேறும் பார்த்தனர். கணவன் மனைவியரிடையே ஊடல் தீர்க்கத் தூது செல்வோரைத் தொல்காப்பியம் ‘வாயில்கள்’ என்று குறித்து, தோழி முதலாகப் பன்னிருவரை எண்ணுகிறது. அந்தப் பட்டியலில் முடிதிருத்துபவர் இல்லை. எனினும் தோழியும் பாணனும் இல்லாத இந்த மும்பை நகரில், அவர்கள் விட்டுச் சென்ற இடத்தில் அண்ணாச்சியே நிற்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிற்க. நாற்காலியில் என்னதான் பேசுகிறார்கள்? ஆளைக் காட்டாமல், பொதுவாகச் சொல்கிறேன். ஆண்கள் பெரும்பாலும் பணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஊரில் தங்கை திருமணத்துக்கு அனுப்பியது, அண்ணன் கடனுக்கு அனுப்பியது, அதை வீட்டில் மறைத்தது. “ரெண்டு பேரும் தனியாப் பேச இடம் ஏது? ஒரே அறை, அதில் அம்மா, பிள்ளைகள், டி.வி.” என்று ஒருவர் சொன்னார். திரைக்கு அப்பால் பெண்கள் பணத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை என்று அண்ணாச்சியின் மனைவியார் பொதுவாக ஒருமுறை கூறினார். ‘கேட்கவில்லை’, ‘சொல்லவில்லை’ என்ற இரண்டு சொற்களே அங்கே மிகுதியாக வருமாம். ‘விவாகரத்து’ என்ற சொல்லை அவர்கள் எடுப்பதேயில்லை. ‘நான் ஊருக்குப் போகிறேன்’ என்பார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சொல் என் சன்னலுக்கும் வருகிறது. இந்நாளில் பலர் கைப்பேசியிலேயே முன்பதிவு செய்துகொள்கிறார்கள் என்றாலும், சன்னலுக்கு வருவோர் இன்னும் உண்டு. முன்பதிவுப் படிவத்தில் திரும்பும் பயணத்தைக் குறிக்க ஓர் இடம் இருக்கிறது. அது வெறுமையாக இருப்பதில் வியப்பொன்றும் இல்லை. பலர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் பள்ளிகள் நடக்கும் நவம்பர் மாதத்தில் ஒரு தாய், ஆறு வயதுப் பையனோடு, நாகர்கோவில் எக்ஸ்பிரஸுக்கு ஒருவழிச் சீட்டுக் கேட்டால், எழுத்தரின் கை சற்றே தயங்கத்தான் செய்யும்.

அப்படி ஒருவர் சென்ற ஆண்டு வந்தார். அழகு நிலையத்து வாயிலில் நான் பார்த்த முகம். அவருடைய கணவரையும் பெஞ்சில் பார்த்திருக்கிறேன். நான் கேட்கக்கூடியது ஒன்றுமில்லை. சீட்டைக் கொடுத்தேன், மீதிச் சில்லறையைக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறன்று அண்ணாச்சியிடமும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் சன்னலுக்கும் ஒரு விதி உண்டல்லவா?

அன்று அந்தக் கணவர் எனக்கு முன்னால் நாற்காலியில் அமர்ந்திருந்தார். வக்கீலைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். வட்டிக் கடன் ஒன்றில் சிக்கி, மனைவியின் நகையை அவர் அறியாமல் அடகு வைத்ததாகவும், வெட்கத்தால் ஆறு மாதமாக அதைச் சொல்லவில்லை என்றும், அதன் பிறகு வீட்டில் பேச்சே நின்றுவிட்டது என்றும் கண்ணாடியைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனார். அண்ணாச்சி கத்திரியை நிறுத்தினார். “தம்பி, இப்ப எங்கிட்டச் சொன்னியளே, இதை அப்படியே வீட்டில சொன்னியளா?” என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. அண்ணாச்சியும் மறுபடி கேட்கவில்லை.

நான்கு நாட்கள் கழித்து அவரே என் சன்னலுக்கு வந்தார். அதே நாளில், அதே வண்டியில் தமக்கும் ஒரு சீட்டு. பத்து நாள் கழித்துத் திரும்பி வர மூன்று சீட்டுகள். படிவத்தை இருமுறை படித்துப் பார்த்துக்கொண்டேன். பொங்கல் கழிந்து ஒரு நாள் சலூனில் அவரே எல்லோர் காதிலும் விழும்படி அந்தக் கதையைச் சொன்னார். நகை போனதை அந்த அம்மையார் முதல் வாரமே அறிந்திருந்தாராம். “கேட்டிருந்தால் நானே கழற்றிக் கொடுத்திருப்பேனே” என்று ஒரே ஒரு வாக்கியந்தான் சொன்னாராம். அந்த வாக்கியம் ஆறு மாதமாகத் திரைக்கு அப்பால் எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை; முடியவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். நம் வட்டத்தில் ஒரு தம்பதியர் பாந்திராவிலுள்ள குடும்ப நீதிமன்றத்தில் மனமொத்துப் பிரிந்தார்கள். இன்று இருவரும் தனித்தனியே அமைதியாக வாழ்கிறார்கள். குழந்தையின் பிறந்தநாளுக்கு இருவருமே வருகிறார்கள். அதனைத் தோல்வி என்று பேசுவது நமக்கு அழகன்று.

ஆனால் நாற்காலிப் பேச்சில் சட்டத்தைப் பற்றிய தவறான எண்ணங்கள் ஏராளம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆகவே வழக்கறிஞராயுள்ள ஓர் அன்பரிடம் கேட்டு எழுதுகிறேன். முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் மணம் முறிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியன்று. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், ஒரு சமூகத்தில் வழிவழியாக வரும் மணமுறிவு வழக்காற்றை ஏற்கிறது. ஆனால் அவ்வழக்காறு மெய்ப்பிக்கப்பட வேண்டும். மற்றபடி நீதிமன்றமே வழி. மனமொத்துப் பிரியும் முறை அச்சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்டது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் இருவரும் சேர்ந்து மனுச் செய்யலாம். பின்னர் ஆறு மாதம் பொறுத்து மீண்டும் தம் முடிவை நீதிமன்றத்தில் உறுதி செய்யவேண்டும். இணைந்து வாழ இனி வழியே இல்லை என்று நீதிமன்றம் கண்டால், அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. கிறித்தவ அன்பர்களுக்கு மனமொத்த மணமுறிவு 2001ஆம் ஆண்டின் திருத்தத்தால் வந்தது.

நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் அறியவேண்டியது இன்னொன்று. ‘ஊரில்தான் வழக்குப் போட முடியும், அவள் அங்கே போகட்டும்’ என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், இந்து திருமணச் சட்டப்படி மனைவி தாம் வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம்; அது மும்பையாயினும் சரி, பாளையங்கோட்டையாயினும் சரி. 1987ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100.

மறை காப்பதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு. ஒருமுறை அழகு நிலையத்துக்கு வந்த ஒரு பெண்ணின் தலைமுடிக்கு அடியில் தையல் போட்ட காயத்தைக் கண்டாராம் அண்ணாச்சியின் மனைவியார். கேட்டதற்குப் ‘படியில் விழுந்தேன்’ என்ற விடையே வந்தது. அவர் மேலும் துருவவில்லை. ஆனால் அன்று கூலி வாங்காமல், 181 என்ற மகளிர் உதவி எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தனுப்பினார். பெயரையோ முகவரியையோ இன்றுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், கணவரோடு வாழும் வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமையை மனைவிக்கு அளிக்கிறது என்பதையும் அவர் அறிந்து வைத்திருக்கிறார். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகை அலங்காரத் தொழில் செய்வோர் வன்முறையின் அறிகுறிகளை அறிந்துகொள்ள ஒரு மணி நேரப் பயிற்சி பெறவேண்டும் என்று 2017 முதல் சட்டமே இருக்கிறது. அவர்கள் போலீசுக்கு அறிவிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்கே உதவி கிடைக்கும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்தப் பயிற்சி எதுவும் இல்லாமலே நம் சந்தில் ஓர் அம்மையார் அதனைச் செய்துவருகிறார்.

இவ்வளவும் பிறர் கதை. என் கதையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தெற்கு இரயில்வேக்கு மாற்றல் கேட்டு நான் ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தேன். வயதான தாயார் ஊரில் தனியே இருக்கிறார் என்பது காரணம். என் மனைவிக்கோ இங்கே ஒரு பள்ளியில் வேலை; அதனை அவர் மிகவும் விரும்புகிறார். சொன்னால் சண்டை வரும் என்று அஞ்சிச் சொல்லாமலே இருந்தேன். ஆனால் அண்ணாச்சியிடம் மட்டும் ஒவ்வொரு மாதமும் அந்த விண்ணப்பத்தைப் பற்றிப் பேசினேன். மேலே சொன்ன கணவரின் கதை முடிந்த அன்று என் முறை வந்தது. அண்ணாச்சி துண்டைக் கழுத்தில் கட்டினார். என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார், அவ்வளவே.

அன்றிரவு சொன்னேன். என் மனைவி சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். கரண்டியை வைத்துவிட்டு, “பெட்டியில் அந்த விண்ணப்பத்தின் நகலைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. நீங்களாகச் சொல்வீர்கள் என்று இருந்தேன்” என்றார். பிறகு சண்டை வந்தது, நன்றாகவே வந்தது. இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அமர்ந்து பேசினோம். அம்மாவை மழைக்காலம் கழிந்ததும் இங்கே அழைத்து வருவது, அவர் இருக்க மறுத்தால் அடுத்த ஆண்டு மீண்டும் எண்ணிப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். விண்ணப்பத்தை நான் திரும்பப் பெறவில்லை. அது இருப்பது இப்போது இருவருக்கும் தெரியும்.

திருவள்ளுவர் தம் நூலின் கடைசி அதிகாரத்துக்கு ‘ஊடலுவகை’ என்று பெயரிட்டிருக்கிறார். அறமும் பொருளும் சொல்லி முடித்த பெரியவர், கணவன் மனைவி பிணக்கின் இன்பத்தோடு நூலை நிறைவு செய்தது ஏன் என்று பள்ளியில் எனக்கு விளங்கவில்லை. பிணக்குக்குங்கூட இருவர் எதிரெதிரே இருக்க வேண்டும் என்ற அளவில் இப்போது சிறிது விளங்குகிறது.

வாசக அன்பர்களே, முடிதிருத்தும் நிலையத்துக்கு அடுத்த முறை செல்லும்போது உங்கள் குறையைத் தாராளமாகச் சொல்லுங்கள், மனச்சுமை குறையும். வீட்டுக்கு வந்த பின், அதே குறையை உரியவரிடமும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.