குற்றம் குழந்தையுடையதா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

“இவ்வளவு வயசாகியும் பாவாடையை நனைக்கிறாளே!” ஏழு வயது வரை என் தங்கை நாள்தோறும் கேட்ட வசவு இது. வகுப்பில் அவளுக்குக் கடைசி இடம். தோவாளையில் பூத் தொடுத்துப் பிழைக்கும் எங்கள் அம்மா, வாடை தெரியாமலிருக்க அவள் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து அனுப்புவாள். கயிறு மந்திரித்துக் கட்டினோம். மாலைக்குப் பின் தண்ணீர் கொடுக்க மறுத்தோம். அடித்தோம். அடித்தவர்களில் நானும் ஒருவன்.

அன்பு நண்பர்களே! ஐந்து வயதுக்கு மேலும் இரவில் மட்டும் படுக்கையை நனைக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர்க்கு உறுப்பில் குறையில்லை. வயது ஏற ஏற அது நின்றுவிடும். ஆனால் என் தங்கையின் நிலை வேறு. பகலென்றும் இரவென்றும் இல்லாமல் சொட்டிக்கொண்டே இருந்தது. “போயிட்டு வந்த பெறவும் நனையுது டாக்டரே” என்று அம்மா சொன்ன ஒரு சொல்தான் மருத்துவருக்கு வழிகாட்டியது.

சோதனையில் உண்மை வெளிப்பட்டது. ஒரு சிறுநீரகத்திலிருந்து ஒன்றுக்குப் பதில் இரண்டு குழாய்கள்! அவற்றுள் ஒன்று சிறுநீர்ப்பையில் சேராமல், நீரை அடக்கும் தசைக்கும் கீழே போய்த் திறந்திருந்தது. அந்தத் தசையைக் கடக்காமலே வெளியேறும் நீரை அவள் எப்படி அடக்குவாள்? கருவில், ஊல்ஃபியன் நாளத்திலிருந்து மொட்டாகக் கிளம்பும் குழாய் இடம் தவறியதால் வந்த வினை அது. கருவியல் வகுப்பில் அந்தப் படத்தைக் கரும்பலகையில் கண்டபோது நான் தலைகுனிந்தேன். அறுவை மருத்துவத்துக்குப் பின் அவள் நனைந்ததே இல்லை.

ஆண் குழந்தைகள் சிலருக்குச் சிறுநீர் வழியில் பிறவியிலேயே தடுப்பிதழ்கள் அமைந்துவிடுகின்றன. அமெரிக்க மருத்துவர் ஹியூ ஹாம்டன் யங் 1919-இல் இதனை விளக்கி எழுதினார். முக்கினாலும் நீர் மெலிந்தே போகும். கவனியாது விட்டால் சிறுநீரகமே கெடும். முதுகெலும்பு சரியாக மூடாமல் பிறக்கும் குழந்தைகளுக்கோ நரம்புக் குறையால் அடக்கும் ஆற்றல் குன்றுகிறது. இவற்றுள் எது பிரம்படிக்குத் தீரும்?

1838-லேயே நெய்யூரில் மருத்துவப்பணி தொடங்கிய மண் இது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் முதல் மாவட்டம் நம்முடையது. இருந்தும், இந்த ஒன்றை வாய்திறந்து பேச நமக்கு வெட்கம். ‘பெண்பிள்ளை, வெளியே தெரிந்தால் நாளை யார் கட்டுவார்?’ என்ற அச்சம் என் தங்கையின் ஐந்து ஆண்டுகளைத் தின்றது. குற்றம் குழந்தையுடையதன்று, நம் மௌனத்தினுடையது.

நாளை ஆசிரியராகப் போகும் நண்பர்களே! நனைந்த பிள்ளையைக் கடைசி வரிசைக்கு அனுப்பாதீர்கள். பகலிலும் நனைகிறதா, ஓயாமல் சொட்டுகிறதா, அடிக்கடி காய்ச்சல் வருகிறதா என்று பெற்றோரிடம் தனியே கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது அந்தப் பிள்ளையைக் காட்டுங்கள். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கற்ற கல்வி தேர்வுத்தாளோடு முடிந்துவிட்டால் என்ன பயன்? நம் தெருவில் ஒரு குழந்தையையாவது அடியிலிருந்து காப்போம்!