பாட்டு வேண்டும், பாடுகிறவள் வேண்டாமா?

மொரோக்கோவில் கல்யாண வீடு களைகட்ட 'ஷிக்காத்' குழுவை அழைப்பார்கள். பெண்கள் பறையடித்து, உரத்த குரலில் 'அய்த்தா' என்னும் நாட்டுப்பாடல்களைப் பாடி, கூந்தலைச் சுழற்றி ஆடுவார்கள். பக்கத்தில் ஒருவர் வயலினை முழங்காலில் நிமிர்த்தி வைத்து வாசிப்பார். அய்த்தா என்றால் கூவி அழைத்தல் என்று பொருள்.

'ஷேக்' என்ற அரபுச் சொல் நமக்குத் தெரிந்ததுதான். பெரியவர், தலைவர் என்று பொருள். அதன் பெண்பால் 'ஷிக்கா'. ஆண்பாலுக்குக் கிடைக்கும் மரியாதை பெண்பாலுக்கு இல்லை. மொரோக்கோ பேச்சுவழக்கில் அது வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. காசு கொடுத்து அழைத்துக் கைதட்டுகிறவர்களே, அவளை மருமகளாக ஏற்கத் தயங்குகிறார்கள். இதை இரட்டை வேடம் என்றுதான் சொல்வேன்.

இத்தனைக்கும் இவர்கள் வெறும் கேளிக்கைக்காரர்கள் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்தா வட்டாரத்தில் கர்பூஷா என்ற பாடகி, கொடுங்கோல் ஆளுநர் ஐசா பின் ஒமாரை எதிர்த்துப் பாடியதால் உயிரிழந்ததாக மக்கள் சொல்கிறார்கள். அவர் பெயரில் வழங்கும் பாடல்களை இன்றும் பாடுகிறார்கள்.

பக்கத்து நாடான அல்ஜீரியாவிலும் இதே கதைதான். 'ராய்' இசை என்றதும் காலித் பாடிய 'டிடி' பலருக்கு நினைவுக்கு வரும். அவருக்கு முன்பே அந்த இசையை வளர்த்தவர்களில் ஒருவர் ஷிக்கா ரிமித்தி. 1923இல் பிறந்தவர், அனாதையாக வளர்ந்து நாடோடி இசைக்குழுவில் சேர்ந்தவர். பெண்ணின் ஆசையையும் வறுமையையும் ஒளிவுமறைவின்றிப் பாடினார். நாடு 1962இல் விடுதலை பெற்ற பிறகு, அரசு வானொலி அவர் குரலுக்குக் கதவைச் சாத்தியது. 2022இல் ராய் இசை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தபோது, அதே நாடு பெருமைப்பட்டது!

பாடல் வரிகள் ஆபாசமானவை, அதனால்தான் எதிர்ப்பு என்பார்கள். சரி, காதலையும் மதுவையும் ஆண் பாடகர்கள் பாடவில்லையா? அவர்களுக்கும் எதிர்ப்பு வந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் புகழும் பணமும் அவர்களுக்கே அதிகம் சேர்ந்தன.

மரபைப் பாதுகாக்கிறோம் என்று பட்டியல் போடும் அரசுகள், முதுமையில் வாடும் பாடகிகளுக்கு ஓய்வூதியமும் இசைப் பள்ளிகளில் ஆசிரியர் இடமும் கொடுக்கட்டும். அவர்கள் குரலைப் பதிவு செய்து விற்பவர்கள் உறையில் பெயரைப் போட்டு, பங்கையும் தரட்டும். ரிமித்தி 83 வயதிலும் பாரிஸில் ஒரு பெரிய அரங்கில் பாடினார். இரண்டே நாள்களில் இறந்துபோனார்.