பராக்கிரம பாண்டியனும் பழைய கம்ப்யூட்டரும்

ஆடி மாதம் தென்காசியில் வந்து இறங்குகிறவர்கள் கையில் துண்டும் எண்ணெய் பாட்டிலும் இருக்கும். குற்றாலத்துக் கூட்டம். நான் மட்டும் பொதிகை எக்ஸ்பிரஸிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கைக்குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு இறங்கினேன். சென்னைக் காயலான் கடையில் பிடித்தது.

"இதுல சீரியல் தெரியுமா?" என்றாள் மனைவி.

"தெரியாது."

"கரண்ட் பில்?"

"அது வரும்."

பெயர் இண்டி. சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனி 1993-ல் கொண்டுவந்த நீலப் பெட்டி. அதே வருஷம்தான் 'ஜுராசிக் பார்க்' ரிலீஸ். அதில் கம்ப்யூட்டர் டைனோசர்களை ஓடவிட்டவை இந்தக் கம்பெனி மெஷின்கள். கடைசியில் ஒரு சிறுமி ஸ்கிரீனில் பறந்து பறந்து ஃபைல் தேடுவாளே, அது சினிமாவுக்காகச் செய்த டூப் அல்ல, இவர்களுடைய நிஜ சாஃப்ட்வேர்.

ஸ்டான்ஃபோர்டில் புரொபசராக இருந்த ஜிம் கிளார்க் 1982-ல் ஆரம்பித்த கம்பெனி. ஓர் உருவத்தைத் திருப்பினால் அதன் மூலைகள் எங்கே போய் நிற்கும்? அந்தக் கணக்குக்கென்றே தனி சிப் செய்தார். இன்று உங்கள் செல்போன் கேமில் கார் திரும்புவதும் அதே கணக்கில்தான். இண்டி அந்தக் குடும்பத்தின் ஏழைத் தம்பி. சாதா மாடலில் தனி சிப் கிடையாது, மூளையே எல்லாக் கணக்கையும் போட வேண்டும். ஏழை என்றாலும் ஆரம்ப விலை 4,995 டாலர், அன்றைய கணக்கில் சுமார் ஒன்றரை லட்சம். பி.காம். படித்தவன் தேய்மானம் போட்டால் இன்றைக்கு மதிப்பு பூஜ்யம். காயலான் கடைக்காரர் பி.காம். படிக்கவில்லை.

சுவிட்சைப் போட்டால் தேதி தப்பு, நெட்வொர்க் முகவரியும் மறந்துபோயிருந்தது. கடிகாரச் சிப்புக்குள்ளேயே பேட்டரியை வைத்து மூடியிருப்பார்கள். முப்பது வருஷத்தில் அது செத்துப்போயிருந்தது.

ரேடியோ ரிப்பேர் அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"செஞ்சவன்கிட்டயே கேக்க வேண்டியதுதான?"

"கம்பெனி 2009-ல திவாலாயிட்டு அண்ணாச்சி."

பதில் இல்லை. அரத்தை எடுத்துச் சிப்பின் தலையைப் பொறுமையாக ராவினார். உள்ளே இரண்டு கம்பிகள் தெரிந்தன. வெளியிலிருந்து ஒரு பட்டன் பேட்டரியை அதில் பற்றவைத்தார். இண்டி 'டொய்ங்' என்று ராகம் பாடியது. படம்தான் வரவில்லை. ஒழுங்குபடுத்துகிற சிக்னல் பச்சை நிறக் கம்பியிலேயே சேர்ந்து வரும், புது மானிட்டர் பலவற்றுக்கு அது புரியாது. நாலாவதாக மாட்டிய மானிட்டருக்குப் புரிந்தது.

புதுசு வாங்கினால் வேலை நடக்கும். பழசைப் பிரித்தால்தான் வேலை எப்படி நடக்கிறது என்று தெரியும். இந்தக் கிறுக்குக்கு வேறு காரணம் கிடையாது.

காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், 15-ம் நூற்றாண்டிலேயே கல்லில் எழுதி வைத்தான்: பிற்காலத்தில் இதற்கு ஒரு குறை வந்து, அதைச் சரிசெய்கிறவர் யாரானாலும் அவரை இப்போதே பணிகிறேன் என்று. குறை வந்தது. கோபுரம் சிதைந்து ரொம்ப காலம் மொட்டையாக நின்றது. 1990-ல் ஒன்பது நிலையோடு மறுபடி எழுந்தது.

இண்டியைச் செய்தவர்கள் அப்படி ஏதும் எழுதி வைக்கவில்லை. ஆகவே கதையைச் சொல்லி, அவர்கள் சார்பில் நானே அண்ணாச்சியைக் கும்பிட்டேன்.

"கும்பிடல்லாம் இருக்கட்டும் தம்பி. எரநூறு ரூவாய எடும்."