எந்தத் துருவம் நகர்கிறது? பனி எதனால் உருகுகிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கு மட்டும் ஐந்து குழுக்களில் வந்துவிட்டது. பூமியின் காந்த வடதுருவம் கனடாவை விட்டு சைபீரியா பக்கம் ஓடுகிறதாம். அதனால்தான் ஆர்க்டிக் பனி உருகுகிறதாம். நிலக்கரி, பெட்ரோல், கரியமில வாயு என்பதெல்லாம் கட்டிவிட்ட கதையாம். இதை எனக்கு அனுப்பியவர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் வகுப்பில் அறிவியல் நடத்துகிறவர்கள். வேறு யாராவது என்றால் அழித்துவிட்டுப் போயிருப்பேன்.

செய்தியின் முதல் வரி உண்மை. முழுப் பொய்யென்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட நம்பாது, இது பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு தூரம் ஓடுகிறது. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் காந்த வடதுருவத்தை கனடாவின் வடகோடியில், பூத்தியா தீபகற்பத்தில் கண்டுபிடித்தார். காந்த ஊசி அங்கே ஏறத்தாழச் செங்குத்தாகத் தரையைக் காட்டி நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த அந்தத் துருவம் 1990களில் வேகமெடுத்து, ஆண்டுக்கு 50 கி.மீ.க்கு மேல் போனது. கப்பலும் விமானமும் கைப்பேசியும் நம்பியிருக்கும் உலகக் காந்த மாதிரியை 2019 தொடக்கத்தில் குறித்த காலத்துக்கு முன்பே திருத்த வேண்டி வந்தது. இவ்வளவும் சரி. காரணம் நம் காலுக்குக் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்கும் உருகிய இரும்பின் ஓட்டம்.

இனி, இதற்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்? பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டி தண்ணீராக 80 கலோரி வெப்பம் வேண்டும். உள்ளுறை வெப்பம் என்று நாமே கரும்பலகையில் எழுதிப் போட்ட பாடம். கிரீன்லாந்து மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் அளவில் பனியை இழக்கிறது. அதற்கான வெப்பத்தைக் காந்தப்புலம் எங்கிருந்து கொண்டு வரும்? ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பொம்மைக் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல மடங்கு வலுவானது. அதை எடுத்து ஃபிரீசருக்குள் ஐஸ் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். காலையில் ஐஸ் ஐஸாகத்தான் இருக்கும்.

தெற்கே போய்ப் பாருங்கள். காந்தத் தென்துருவம் ஆஸ்திரேலியாவைப் பார்த்த பக்கம், கடலில், மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கிறது. அண்டார்டிகாவில் அதிகமாகப் பனியை இழப்பதோ எங்கோ தள்ளியிருக்கும் மேற்குப் பகுதி. கங்கோத்ரியும் கிளிமஞ்சாரோவும் எந்தத் துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன? அங்கேயும் பனி சுருங்குகிறதே! இன்னொன்று, வடதுருவத்தின் ஓட்டம் அண்மை ஆண்டுகளில் 35 கி.மீ. அளவுக்குத் தணிந்துவிட்டது. தணிந்த பிறகுதான் 2024 வந்தது, அளவெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து மிகச் சூடான ஆண்டாக. செய்தியை எழுதிய புண்ணியவான் இதற்கு என்ன சொல்வார்?

துருவங்கள் கடைசியாகத் தலைகீழாக மாறி நிலைத்தது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். அதற்குப் பிறகு பனியுகங்கள் பலமுறை வந்து போயின. துருவம் புரண்டதால் வந்தவை அல்ல.

"சார், பனிக்கும் துருவத்துக்கும் தொடர்பு உண்டு என்று நாசாவே சொல்கிறதே" என்று ஒருவர் கேட்டார். உண்டுதான். ஆனால் அது காந்தத் துருவம் இல்லை, பூமி சுழலும் அச்சு முனை. இரண்டும் வேறு வேறு என்று உலக உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனை ஆண்டு சொல்லியிருப்போம்! அங்கேயும் கதை தலைகீழ். பனி உருகித் தண்ணீர் கடலில் பரவும்போது பூமியின் எடை இடம் மாறுகிறது, அதனால் அச்சு முனை நகர்கிறது. 2023இல் வந்த ஓர் ஆய்வு, 1993 முதல் 2010 வரை மனிதர்கள் உறிஞ்சிய நிலத்தடி நீர் மட்டுமே அந்த முனையைச் சுமார் 80 செ.மீ. தள்ளியிருக்கிறது என்று கணக்கிட்டது. இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் நம் வடமேற்கு இந்தியாவின் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் முக்கியப் பங்கு உண்டு. நாம் துருவத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். துருவம் பனியை உருக்குகிறது என்பது, காய்ச்சல் வந்ததால்தான் கொசு கடித்தது என்பதைப் போல.

வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை புதிதும் அல்ல. கரியமில வாயு கூடினால் பூமி சூடாகும் என்று ஸ்வீடனின் அர்ரீனியஸ் 1896லேயே கணக்குப் போட்டார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்த அந்த வாயு, ஹவாயில் தொடர்ந்து அளக்கத் தொடங்கிய 1958இல் 315ஐத் தொட்டிருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கீழ் வளிமண்டலம் சூடாகிறது, மேலே அடுக்கு மண்டலம் குளிர்கிறது. சூரியன் காரணமென்றால் இரண்டும் சேர்ந்து சூடாக வேண்டும்.

எனக்குக் கோபம் எதற்கென்றால், காந்தத் துருவம் குற்றவாளியாகிவிட்டால் வேறு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நிலக்கரி எரிப்பவர் நிம்மதியாகத் தூங்கலாம், ஆள்பவர் கையை விரிக்கலாம். கடல் ஏறும்போது வீட்டை இழக்கப் போகிறவனிடம் "இயற்கை, என்ன செய்ய" என்று சொல்லிவிடலாம். அதைப் பள்ளிக்கூடத்து ஆசிரியரே பரப்பினால், அவர் முன் உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகள் யாரிடம் போய்ச் சரிபார்க்கும்?

அந்த இரண்டு ஆசிரியர்களுக்கும் தனியாக எழுதிவிட்டேன். ஒருவர் கட்டைவிரலைக் காட்டும் படம் அனுப்பினார், மற்றவர் இன்னும் திறந்து பார்க்கவில்லை. காந்தத் துருவம், அச்சு முனை இரண்டையும் ஒரே படத்தில் வரைந்து வைத்திருக்கிறேன். வகுப்பில் மாட்ட வேண்டும் என்பவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.