தண்ணீர்ப்பந்தல் வைத்தவன் குற்றவாளியா?

இணைய இணைப்பை அயலவனுடன் பகிர்பவன் கள்வனுக்குத் துணைபோகிறான் என்பார் உளர். ஜேர்மனியில் இவ்வாதம் தீர்ப்பாகவே வெளிவந்தது. ஒருவர் விடுமுறையிற் சென்றிருந்த வேளை, அவர் வீட்டு வைஃபை வழியே வேறெவரோ ஒரு பாடலைப் பரப்பினார். இணைப்பைத் தக்க கடவுச்சொல்லிட்டுக் காவாத வீட்டுக்காரரும் பொறுப்பாளியே என 2010இல் சமஷ்டி உயர்நீதிமன்றம் விதித்தது. நட்டஈடு வேண்டியதில்லையாம்; எச்சரிக்கைக் கடிதச் செலவைக் கொடுத்தாற் போதுமாம்! கள்வனொருவன் நீர் பருகினான் என்று தண்ணீர்ப்பந்தல் வைத்தவனைப் பிடிக்கும் நீதியன்றோ இது?

பேர்லினில் 2002இல் தோன்றிய ஃப்றைஃபுங்க் இயக்கத்தார் செய்ததென்ன? நாடு ஒன்றிணைந்தபின் கிழக்குப் பேர்லினிற் பல தெருக்களில் ஒளியிழை பதித்தனர். செம்புக் கம்பியில் ஓடும் டி.எஸ்.எல். இணைப்பு அதனாலேயே அங்கு எட்டாது போயிற்று. நவீனமென்று பதித்ததே தடையாயிற்று! மக்கள் கூரைகளில் அன்ரெனா நாட்டினர். ஒரு வீட்டுக் கருவி அடுத்த வீட்டுக் கருவிக்குத் தரவைக் கைமாற்ற, இணைப்புள்ளவன் பங்கு இல்லாதவனையும் அடைந்தது. 2015இல் அகதிகளின் தங்குமிடங்களுக்கும் அவ்வாறே சென்றது.

2017இல் சட்டம் திருத்தப்பட்டு அப்பொறுப்பு நீங்கியது. ஆயினும் பிறர்க்குக் கொடாதே என்னும் வாசகம் பல நாட்டுக் கம்பனிகளின் ஒப்பந்தத்தாள்களில் இன்றும் உண்டு. நாம் கேட்கிறோம்: மாதக் கட்டணத்தை முழுதாக வாங்கியபின், நள்ளிரவில் வாளாகிடக்கும் இணைப்பு எவருடையது?